வாசகர் கேள்வி – பதில்: வாக்குப் பெட்டியும் காணிக் கோப்பும்

இம்முறை வந்த கடிதங்களில் மிகப் பெரும்பாலானவை தலைவர்களைப் பற்றியவை. ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க சொன்னதைச் செய்வாரா, தமிழ்க் கட்சிகள் இனியாவது ஒன்றுசேருமா, வன்னியை யார் திரும்பிப் பார்த்தார்கள் என்று பலரும் பல விதமாகக் கேட்டிருக்கிறார்கள். ஒரே கருத்துள்ள கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறோம். பெயரை வெளியிட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் எல்லோருக்கும் ஊரை மட்டுமே குறிப்பிடுகிறோம்.

பல்கலைக்கழக மாணவர், புதுக்குடியிருப்பு: தாத்தா காலத்திலிருந்து எங்கள் குடும்பம் தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்துக்கே வாக்களித்து வருகிறது. 2024 நவம்பரில் நான் தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டிக்கு வாக்களித்தேன். 2025 மே மாதப் பிரதேச சபைத் தேர்தலில் வீட்டுக்கு வாக்களித்தேன். அப்பா என்னை இனத்தைக் காட்டிக் கொடுத்தவன் என்கிறார். நண்பர்கள் நிலையில்லாதவன் என்கிறார்கள். நான் செய்தது பிழையா?

பிழையில்லை, தம்பி. நீங்கள் செய்ததைத்தான் வன்னியில் பல்லாயிரம் பேர் செய்தார்கள். 2024 செப்டெம்பர் 21 ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தலில் வன்னித் தேர்தல் மாவட்டம் சஜித் பிரேமதாசவுக்கு முதலிடம் கொடுத்தது. தமிழ்ப் பொது வேட்பாளராகச் சங்குச் சின்னத்தில் நின்ற அரியநேத்திரனுக்கும் இங்கே கணிசமான வாக்குகள் விழுந்தன. இரண்டு மாதம் ஆவதற்குள், நவம்பர் 14 இல் நடந்த பாராளுமன்றத் தேர்தலில், அதே மாவட்டத்தில் அநுரவின் தேசிய மக்கள் சக்தி முதலிடத்துக்கு வந்தது. 2025 மே 6 இல் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தபோது வடக்கிலும் கிழக்கிலும் பல சபைகளில் தமிழரசுக் கட்சி மீண்டும் முன்னுக்கு வந்தது. எட்டு மாத இடைவெளிக்குள் நடந்த இந்த மூன்று தேர்தல்களையும் பார்த்துவிட்டு மக்கள் குழம்பிப் போயிருக்கிறார்கள் என்று கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் எழுதினார்கள். குழப்பம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. நாட்டை ஆள்வதற்கு ஒருவர், பாராளுமன்றத்தில் ஊழலைத் தட்டிக் கேட்பதற்கு இன்னொருவர், ஊர் ஒழுங்கைக்குக் கிரவல் போடுவதற்கும் ஊரின் எல்லையைக் காப்பதற்கும் வேறொருவர் என்று மக்கள் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள்.

உங்கள் அப்பாவின் மனதையும் நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். 1957 இல் செய்த பண்டாரநாயக்க – செல்வநாயகம் ஒப்பந்தம் அடுத்த ஆண்டே கிழித்தெறியப்பட்டது. 1965 இல் டட்லி சேனநாயக்கவுடன் செய்த உடன்பாடும் நிறைவேறவில்லை. தென்னிலங்கைக் கட்சி எதையும் நம்பக் கூடாது என்ற முடிவுக்கு அவருடைய தலைமுறை சும்மா வந்துவிடவில்லை, அனுபவித்து வந்தது. ஆகவே அவரோடு வாதாடுங்கள், ஆனால் அவமதியாதீர்கள். அதே உரிமையோடு அவரிடமும் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன்: பெற்ற பிள்ளையைக் காட்டிக் கொடுத்தவன் என்று சொல்லாதீர்கள், ஐயா. அந்தச் சொல்லுக்காக இந்த மண்ணில் போன உயிர்களை நீங்களும் அறிவீர்கள். வாக்குச் சீட்டைப் பற்றிய பேச்சில் அதற்கு இடமே இருக்கக் கூடாது.

வர்த்தகர், வவுனியா: வன்னியில் ஐந்தில் ஒரு பங்கு அளவான வாக்குகளை மட்டும் பெற்ற தேசிய மக்கள் சக்திக்கு ஆறில் இரண்டு ஆசனம் எப்படிக் கிடைத்தது? இதில் ஏதேனும் மோசடி உண்டா?

மோசடி இல்லை, சட்டம் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. மன்னார், வவுனியா, முல்லைத்தீவு ஆகிய மூன்று நிர்வாக மாவட்டங்களும் சேர்ந்த வன்னித் தேர்தல் மாவட்டத்துக்கு 6 ஆசனங்கள். (கிளிநொச்சி மக்கள் வன்னியில் வாழ்ந்தாலும் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் வாக்களிப்பவர்கள்.) முதலிடம் பெறும் கட்சிக்குப் போனஸாக ஓர் ஆசனம் முதலில் ஒதுக்கப்படும். 5 சதவீதத்துக்குக் குறைவான வாக்குகளைப் பெற்ற கட்சிகளும் சுயேச்சைக் குழுக்களும் கணக்கிலிருந்து நீக்கப்படும். மிகுதி வாக்குகளை மிகுதி 5 ஆசனங்களால் பிரித்து, அந்த எண்ணிக்கைக்கு ஓர் ஆசனம் என்று கொடுத்து, இன்னும் ஆசனம் மிஞ்சினால் அதிக மீதி வாக்கு வைத்திருப்பவருக்குக் கொடுப்பார்கள். அதன்படி தேசிய மக்கள் சக்திக்கு விகிதாசாரத்தில் ஒன்றும் போனஸில் ஒன்றும் கிடைத்தன. ஐக்கிய மக்கள் சக்தி, தமிழரசுக் கட்சி, ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணி, இலங்கை தொழிலாளர் கட்சி ஆகியவற்றுக்குத் தலா ஒன்று.

இனி உங்கள் கேள்வியில் இல்லாத, ஆனால் நீங்கள் கேட்டிருக்க வேண்டிய விடயத்துக்கு வருகிறேன். தமிழரசுக் கட்சி பெற்ற வாக்குகளையும் ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணி பெற்ற வாக்குகளையும் கூட்டிப் பாருங்கள். 50 ஆயிரத்தைத் தாண்டும். தேசிய மக்கள் சக்தி பெற்றது 40 ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு. 2023 ஆம் ஆண்டு வரை இந்த இரு தரப்பிலுமுள்ள முக்கிய கட்சிகள் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு என்ற ஒரே குடையின் கீழ்தான் நின்றன. சேர்ந்து நின்றிருந்தால் போனஸ் ஆசனம் அவர்களுக்கு வந்திருக்கும். 2015 இல் அந்தக் கூட்டமைப்பு வன்னியில் 4 ஆசனங்களை வென்றது என்பதையும், ஆசனம் எதுவும் பெறாத கட்சிகளுக்கும் குழுக்களுக்கும் 2024 இல் கால் பங்குக்கு மேற்பட்ட வாக்குகள் சிதறிப்போயின என்பதையும் சேர்த்துப் பார்த்தால் நடந்த இழப்பின் அளவு விளங்கும். இதற்கு மக்களைக் குறை சொல்ல என் மனம் ஒப்பவில்லை. வேட்பாளர் பட்டியலில் யாருடைய பெயர் வர வேண்டும் என்பதற்காகப் பிரிந்தவர்கள்தான் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

இல்லத்தரசி, கரைதுறைப்பற்று: 2025 மார்ச் மாதம் வந்த காணி வர்த்தமானி மீளப்பெறப்பட்டுவிட்டது என்று எல்லாக் கட்சிக்காரரும் வெற்றி கொண்டாடினார்கள். எங்கள் காணிப் பிரச்சினை அப்படியே இருக்கிறது. இதில் யாரைப் பாராட்டுவது, யாரைக் குறை சொல்வது?

உங்கள் கடிதத்தைப் பல முறை வாசித்தேன், அம்மா. இம்மாதம் வந்தவற்றில் முதன்மையான கேள்வி இதுதான் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

2025 மார்ச் 28 ஆம் திகதியிட்ட அந்த வர்த்தமானி, காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வெளியிடப்பட்டது. வடக்கில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் காணிக்கு உரிமை கோருவோர் மூன்று மாதத்துக்குள் தங்கள் உரிமையை நிரூபிக்க வேண்டும், தவறினால் அது அரச காணியாக அறிவிக்கப்படலாம் என்பதே அதன் சாரம். அதில் முல்லைத்தீவு மாவட்டத்தில் மட்டும் 1,700 ஏக்கர் அளவு அடங்கியிருந்தது. எதிர்ப்பு வலுத்ததும் அரசு பின்வாங்குவதாக அறிவித்தது. வழக்கும் தாக்கல் செய்யப்பட்டு, ஜூன் மாத இறுதியில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. குரல் எழுப்பிய சட்டத்தரணிகளும் பாராளுமன்ற உறுப்பினர்களும் பாராட்டுக்குரியவர்கள். சொன்னதைக் கேட்டுப் பின்வாங்கிய அரசுக்கும் அதற்குரிய மதிப்பைக் கொடுக்கலாம், முன்பிருந்தவர்கள் பலர் அதைக்கூடச் செய்ததில்லை.

ஆனால் அந்த வர்த்தமானி வராமலே இருந்திருந்தாலும் உங்கள் காணி உங்கள் கையில் இருந்திருக்காது. காணி நடமாடும் சேவை ஒன்றில் ஒரு முதிய தாயின் அருகில் அமர்ந்து அவருடைய ஆவணத்தைப் பார்த்தேன். இறுதிப் போரின்போது மாத்தளன் கடற்கரை வரை மார்போடு கட்டிக் கொண்டுபோய், அங்கிருந்து முகாமுக்கும், முகாமிலிருந்து ஊருக்கும் கொண்டுவந்த பொலித்தீன் பைக்குள் அந்தப் பேர்மிட் (காணி அனுமதிப் பத்திரம்) இருந்தது. மடிப்பு விழுந்த இடங்களில் தாள் பிரிந்துவிட்டது. இலக்கம் எழுதியிருந்த மை நீரில் கரைந்து நீலக் கறையாகியிருந்தது. எல்லைகள் மட்டும் தெளிவாக இருந்தன: கிழக்கே வாய்க்கால், தெற்கே பாதை, வடக்கே காடு. போர்க் காலத்திலும் அதன் பின்னரும் பல ஆண்டுகள் உழப்படாமல் கிடந்த அந்த வயலுக்குள் வடக்கிலிருந்த காடு இறங்கி வந்துவிட்டது. இப்போது அங்கே எல்லைக் கல் நடப்பட்டிருக்கிறது. தாளில் உள்ள காடு எது, வயலில் வளர்ந்த காடு எது என்று பிரித்துச் சொல்ல வேண்டிய அலுவலர், இலக்கம் தெரியாத பேர்மிட்டைத் தன்னால் ஏற்க முடியாது என்று சொல்லி அந்தத் தாயைத் திருப்பி அனுப்பினார். அந்தக் காணி வழங்கப்பட்டபோது எழுதிய பேரேடு அதே திணைக்களத்தின் ஏதோ ஓர் அலுமாரியில் இருந்திருக்க வேண்டும். அதைத் தேடுவது அந்தத் தாயின் வேலையா?

முல்லைத்தீவின் பல ஊர்களில் நிலைமை இதுதான். ஒரு பக்கம் வனவளத் திணைக்களம், இன்னொரு பக்கம் வனஜீவராசிகள் திணைக்களம், மலையும் மேடும் இருந்தால் தொல்லியல் திணைக்களம், மணலாற்றுப் பக்கம் மகாவலி அதிகார சபை, கேப்பாப்பிலவு போன்ற இடங்களில் இராணுவம். குருந்தூர்மலையில் விகாரை கட்டும் விவகாரத்தில் கட்டளைகள் பிறப்பித்த முல்லைத்தீவு நீதவான், தமக்கு உயிர் அச்சுறுத்தல் இருப்பதாகக் கூறி 2023 செப்டெம்பரில் பதவி விலகி நாட்டைவிட்டே சென்றார் என்றால், ஒரு சாதாரண குடும்பம் எந்த நம்பிக்கையில் மனுக் கொடுக்கும்?

ஆகவே நீங்கள் கேட்ட பாராட்டும் குறையும் இவ்வளவுதான். வர்த்தமானியை எதிர்த்தவரைப் பாராட்டுங்கள். அதற்குப் பிறகு, உங்கள் பிரதேச செயலகப் பிரிவில் 1980 களுக்கு முன் வழங்கப்பட்ட பேர்மிட்டுகளின் பேரேட்டை வெளியே எடுத்துப் பதிவைப் புதுப்பிக்கும்படி மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் பேசியவர் யார் என்று கேளுங்கள். அந்தக் கூட்டத்துக்கு வந்தவர் யார், வராதவர் யார் என்பது வரவுப் பதிவில் இருக்கும். எதிர்க்கட்சியாக இருக்கும் தமிழ் உறுப்பினருக்கும் ஆளும் கட்சியின் தமிழ் உறுப்பினருக்கும் இந்தக் கேள்வி ஒன்றுபோலவே பொருந்தும். சொல்லப்போனால், அமைச்சரின் கதவு திறந்திருக்கும் ஆளும் கட்சி உறுப்பினருக்குத்தான் கூடுதலாகப் பொருந்தும்.

வாசகர், முள்ளியவளை: ஜனாதிபதி முல்லைத்தீவுக்கு வந்து வட்டுவாகல் பாலத்துக்கு அடிக்கல் நாட்டியதை எப்படிப் பார்க்கிறீர்கள்?

நல்ல காரியமாகப் பார்க்கிறேன். 2004 ஆழிப்பேரலையிலும் பின்னர் போரிலும் சிதைந்து, மழைக்கு மழை வெள்ளம் ஏறும் அந்த ஒடுங்கிய பாலத்தைப் புதிதாகக் கட்ட வேண்டும் என்று கேட்டுக்கேட்டே மக்கள் களைத்துப்போயிருந்தார்கள். 2025 செப்டெம்பர் 2 ஆம் திகதி வேலை தொடங்கி வைக்கப்பட்டது. வேலை முடிந்து பேருந்து ஓடும் வரை கண்ணை எடுக்காமல் பார்த்திருப்போம். ஆனால் 2009 மே மாதம் எமது மக்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடந்துவந்த இடம் அது என்பதையும், அங்கே இராணுவத்திடம் உறவுகளைக் கையளித்தவர்கள் இன்றும் பதில் கேட்டு நிற்கிறார்கள் என்பதையும் மேடையில் ஒரு வார்த்தையாவது சொல்லும் ஜனாதிபதியையே நான் எதிர்பார்க்கிறேன்.

ஒரு தாய், கிளிநொச்சி: காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடி நாங்கள் அமர்ந்திருக்கும் பந்தலுக்கு வராத தலைவர் இல்லை. வருகிறார்கள், படம் எடுக்கிறார்கள், போகிறார்கள். இனி யார் வந்தாலும் பேசுவதில்லை என்று சிலர் முடிவெடுத்திருக்கிறோம். இது சரியா?

அம்மா, அந்த முடிவைச் சரியென்றோ பிழையென்றோ சொல்லும் தகுதி உங்களைவிட வேறு எவருக்கும் இல்லை. 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவில் முன்றலில் நீங்கள் அமர்ந்தபோது மைத்திரிபால சிறிசேன ஜனாதிபதி. அவருக்குப் பிறகு வந்த கோட்டாபய ராஜபக்ச, காணாமல் ஆக்கப்பட்டவர்கள் இறந்துவிட்டார்கள் என்று 2020 ஜனவரியில் ஐ.நா. பிரதிநிதியிடம் ஒரே வரியில் சொல்லி முடித்தார். அடுத்து ரணில் விக்கிரமசிங்க. இப்போது அநுர குமார திசாநாயக்க. நான்கு ஜனாதிபதிகளைக் கண்ட போராட்டம் இது. பிள்ளையைத் தேடி அமர்ந்தவர்களில் பலர் பதில் கிடைக்காமலே கண்மூடிவிட்டார்கள். காணாமல் போனோர் அலுவலகம் சட்டத்தால் உருவாகி இத்தனை ஆண்டுகள் ஆகியும் உங்களுடைய நம்பிக்கையை அது பெறவில்லை. பெற முயன்றதாகவும் எனக்குத் தெரியவில்லை.

எனினும் ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். 2023 ஜூன் இறுதியில் கொக்குத்தொடுவாயில் நீர்க்குழாய் பதிக்கத் தோண்டியபோது மனித எச்சங்கள் வெளிப்பட்டன. அடுத்த ஆண்டு ஜூலையில் அகழ்வு முடிந்தபோது 52 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டிருந்தன. இடையில் பணம் ஒதுக்கப்படவில்லை என்று வேலை மாதக்கணக்கில் நின்றது. அந்தப் பணத்தை ஒதுக்குவது பாராளுமன்றம் நிறைவேற்றும் வரவு செலவுத் திட்டம். ஆகவே படம் எடுக்க வருபவரிடம் நீங்கள் பேச வேண்டாம். ஆனால் அகழ்வுக்கும் மரபணுப் பரிசோதனைக்கும் எவ்வளவு ஒதுக்கப்பட்டது, அதற்காக அவர் எந்தத் திகதியில் சபையில் எழுந்து பேசினார் என்ற இரண்டு கேள்விகளையும் ஒரு தாளில் எழுதிப் பந்தல் வாசலில் தொங்கவிடுங்கள். விடை கொண்டு வருபவர் உள்ளே வரட்டும்.

விவசாயி, வவுனிக்குளம்: நெல்லுக்கு உத்தரவாத விலை வைத்தோம் என்று அரசு சொல்கிறது. நாங்கள் விற்றதோ அதற்குக் குறைவாக. அப்படியானால் முன்பிருந்தவர்களே பரவாயில்லையா?

முன்பிருந்தவர்கள் பரவாயில்லை என்று சொல்ல 2021 ஐ நாம் மறந்திருக்க வேண்டும். இரசாயனப் பசளையை ஓர் இரவில் தடைசெய்து, பயிர் மஞ்சளித்து நின்றபோது அறிக்கை வெளியிட்டுக்கொண்டிருந்த ஆட்சி அது. ஆனால் உங்கள் மனக்குறையும் நூற்றுக்கு நூறு நியாயமானதே. 2025 பெப்ரவரி 5 ஆம் திகதி அரசு நாட்டு நெல்லுக்குக் கிலோ 120 ரூபாவும் சம்பாவுக்கு 125 ரூபாவும் கீரிச் சம்பாவுக்கு 132 ரூபாவும் அறிவித்தது. விலை குறைவு என்று நாடு முழுவதும் விவசாயிகள் சொன்னார்கள். வன்னியில் அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. அரசு வாங்கும் நெல்லில் ஈரப்பதன் 14 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெட்டும் மெசின் வயலில் இறங்கினால் ஒரே நாளில் நெல் கொட்டும். அதைக் காயவைக்கக் களம் இல்லை. தார் வீதியின் ஓரத்தில் படங்கு விரித்து, இரவில் மழை இருட்டினால் குடும்பமாக ஓடிப்போய் அள்ளிக் குவிக்க வேண்டும். மெசின் கூலியும் வாங்கிய கடனும் வாசலில் நிற்கும். அந்த நேரத்தில் வரம்படிக்கே லொறியைக் கொண்டுவந்து ஈர நெல்லைக் காசுக்கு வாங்குபவர் சொல்லும் விலைதான் விலை.

ஆகவே அடுத்த காலபோகத்துக்கு முன் உங்கள் கமக்காரர் அமைப்பு கேட்க வேண்டியவை: அறுவடைக்கு முன்பே விலை அறிவிப்பு, அறுவடை தொடங்கும் நாளிலேயே களஞ்சியம் திறப்பு, ஒவ்வொரு குளத்தின் கீழும் பொதுவான உலர்த்தும் தளம். எந்தக் கட்சியின் உறுப்பினராக இருந்தாலும் இவற்றில் ஒன்றையாவது பெற்றுத் தருபவர் உங்களுக்கு உண்மையாக வேலை செய்தவர்.

ஆசிரியை, முசலி: தமிழ்த் தலைவர்கள் 'தமிழ் பேசும் மக்கள்' என்று முஸ்லிம்களான எங்களையும் சேர்த்துப் பேசுகிறார்கள். ஆனால் 1990 ஐப் பற்றி மேடையில் பேசுவதில்லை. அவர்களை நாங்கள் எப்படி நம்புவது?

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்களை வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75 ஆயிரம் பேர், கையில் எடுக்கக்கூடியதை மட்டும் எடுத்துக்கொண்டு, தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மண்ணைவிட்டுப் புத்தளத்துக்கும் வேறு இடங்களுக்கும் போனார்கள். அது அநியாயம். எந்த முன்னுரையும் 'ஆனால்' என்ற சொல்லும் சேர்க்காமல் இதை எழுதுகிறேன். 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த ஊடகவியலாளர் மாநாட்டில் புலிகளின் அரசியல் ஆலோசகர் அன்ரன் பாலசிங்கம் அதற்காக வருத்தம் தெரிவித்தார். அதற்குப் பிறகு வந்த தமிழ்த் தலைவர்களில் இதை நேராகப் பேசியவர்கள் மிகச் சிலரே. தாம் இடம்பெயர்ந்த வேதனையைச் சர்வதேசத்துக்கு எடுத்துச் சொல்லும் ஒரு சமூகம், தன் பெயரால் இடம்பெயர்க்கப்பட்டவர்களைப் பற்றி மௌனமாக இருக்க முடியாது.

இன்று உங்களுக்கும் உங்கள் அயலவர்களுக்கும் ஒரே பிரச்சினை இருக்கிறது. சிலாவத்துறையில் கடற்படை முகாமுக்குள் முஸ்லிம் குடும்பங்களின் காணி. பக்கத்தில் முள்ளிக்குளத்தில் கத்தோலிக்கத் தமிழ்க் குடும்பங்களின் காணியும் வீடுகளும். இந்த இரண்டு ஊர்களுக்காகவும் ஒரே மனுவில் கையெழுத்திட்டு ஒரே நாளில் அமைச்சரைச் சந்திக்கும் தமிழ் உறுப்பினரும் முஸ்லிம் உறுப்பினரும் வன்னிக்கு வாய்த்தால், அன்று நம்பலாம். தேர்தல் வந்ததும் இந்தச் சமூகத்தவர் காடழிக்கிறார்கள், அந்தச் சமூகத்தவர் காணி பிடிக்கிறார்கள் என்று இரு பக்கமும் ஒருவரையொருவர் காட்டி வாக்குக் கேட்பவர்களை இரு பக்கமும் நிராகரிக்க வேண்டும்.

இளைஞர், நெடுங்கேணி: வன்னிக்கு வெளியே பிறந்தவர்கள் வன்னியில் வேட்பாளராக நிற்பதை ஏற்கலாமா?

பிறந்த இடத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். 1947 இல் வவுனியாத் தொகுதி தெரிவுசெய்த சி. சுந்தரலிங்கம் யாழ்ப்பாணத்து ஊரெழு – உரும்பிராய்ப் பக்கத்தவர். அமைச்சராகவும் இருந்தார். இந்திய வம்சாவளி மக்களின் குடியுரிமை தொடர்பான சட்டமூலத்தில் அரசோடு முரண்பட்டு, 1948 இறுதியில் அமைச்சரவையைவிட்டு வெளியேறினார். அவருடைய சாதி நோக்கில் எனக்கு உடன்பாடே இல்லை என்றாலும் இதை அவருடைய கணக்கில் எழுதத்தான் வேண்டும். பின்னாளில் 1958 இலும் 1977 இலும் அடிபட்டு மலையகத்திலிருந்து ஓடிவந்த மக்கள் வன்னியில்தான் காடு வெட்டிக் குடியேறினார்கள். இன்று வவுனியா, கிளிநொச்சிக் கிராமங்கள் பலவற்றில் அவர்களின் பேரப்பிள்ளைகள் வாழ்கிறார்கள். காணிக்கு இன்னும் ஆவணம் இல்லாதவர்கள் அவர்களில் மிகப் பலர். வெளியிலிருந்து வந்தவர் என்று ஒருவரைத் தள்ளத் தொடங்கினால் அந்தக் கை நாளை இவர்களையும் தள்ளும். கட்சிகள் இம்மக்களுக்கு வேட்பாளர் பட்டியலில் கொடுக்கும் இடம் போதாது என்பதே என் கருத்து.

ஓய்வுபெற்ற அதிபர், மாங்குளம்: மாகாண சபைத் தேர்தல் எப்போதாவது நடக்குமா?

சட்டத்தைத் திருத்தினால் நடக்கும். வட மாகாண சபைக்கு இதுவரை ஒரே ஒரு தடவைதான், 2013 செப்டெம்பர் 21 இல், தேர்தல் நடந்தது. 38 ஆசனங்களில் 30 ஐத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்குக் கொடுத்து மக்கள் தமது விருப்பத்தைச் சொன்னார்கள். 2018 ஒக்டோபரில் அதன் காலம் முடிந்தது. 2017 இல் தேர்தல் முறையை மாற்றிச் சட்டம் கொண்டுவந்தார்கள். புதிய தொகுதி எல்லை அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்தபோது அதற்கு ஆதரவாக ஒரு வாக்கும் விழவில்லை. பழைய முறையும் போய், புதிய முறையும் வராமல் தேர்தல் நடுவழியில் நின்றுவிட்டது. பழைய விகிதாசார முறைக்குத் திரும்ப ஒரு சிறு திருத்தம் போதும். பாராளுமன்றத்தில் 159 ஆசனங்களை வைத்திருக்கும் அரசுக்கு அது ஒரு நாள் வேலை. கிடைத்த ஐந்து ஆண்டுகளில் அந்தச் சபை தனக்குள்ளே மோதிக்கொண்டதையும் மறக்க முடியாது. வவுனியாவுக்குப் பொருளாதார மத்திய நிலையம் (மரக்கறி மொத்தச் சந்தை) ஓமந்தையிலா தாண்டிக்குளத்திலா என்று 2016 இல் மாகாண சபையினரும் பாராளுமன்ற உறுப்பினர்களும் இழுபட்டு, இரண்டும் இல்லாத மூன்றாம் இடத்தில் அது கட்டப்பட்டு, ஆண்டுக்கணக்காகப் பூட்டிக் கிடந்தது. மரக்கறிச் செய்கையாளர் அதன் விலையைக் கொடுத்தார்கள்.

மாணவி, மன்னார்: முகநூலில் தலைவர்களை வசைபாடுவதுதான் இன்று பொதுசன அபிப்பிராயம் என்றாகிவிட்டது. எங்களைப் போன்றவர்கள் வேறு என்ன செய்யலாம்?

தங்கச்சி, உங்கள் மாவட்டமே அதற்கு நல்ல உதாரணம். மன்னார்த் தீவில் காற்றாலைகளையும் கனியமணல் அகழ்வையும் எதிர்த்து 2025 ஓகஸ்டில் மக்கள் இரவு பகலாக வீதியில் நின்றதால்தான் ஜனாதிபதி காற்றாலை வேலைகளை ஒரு மாதம் நிறுத்திவைக்கச் சொன்னார். அவர்களில் மீனவர் இருந்தார்கள், குருமார் இருந்தார்கள், உங்கள் வயதுப் பிள்ளைகள் இருந்தார்கள்.

வீதிக்கு வர முடியாதவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. பிரதேச சபை, பிரதேச செயலகம், திணைக்களம் எதுவானாலும் அங்கே தகவல் அலுவலர் ஒருவர் இருப்பார். தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவை அவர் அறிவிக்க வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யலாம்; அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள ஆணைக்குழுவுக்குப் போகலாம்.

கேள்வியைச் சிறிதாகவும் திட்டமாகவும் எழுதுங்கள். 'எங்கள் ஊருக்கு என்ன செய்தீர்கள்' என்று கேட்டால் பக்கம் பக்கமாக எதுவும் இல்லாத பதில் வரும். 'எங்கள் வட்டாரத்தில் இவ்வாண்டு ஒப்பந்தம் கொடுக்கப்பட்ட வீதிகள் எவை, ஒவ்வொன்றுக்கும் ஒதுக்கிய தொகை எவ்வளவு, செலுத்திய தொகை எவ்வளவு' என்று கேளுங்கள். உங்கள் ஊரின் பதில் கிடைத்ததும் அதன் பிரதியொன்றை எமக்கு அனுப்பிவையுங்கள்; உறுப்பினரின் விளக்கத்தையும் கேட்டு இரண்டையும் இதே பக்கத்தில் வெளியிடுவோம்.